வலையமைப்புப் பரீட்சையும் தாய்மொழி விளக்கமும்

முன்னுரை

கற்றல் வேறு, கற்றதாக எண்ணிக் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டன் வேறுபாட்டை யாம் தெளிவுறக் கண்டது எமது பாடமாகிய தமிழிலன்று; எமக்கும் அதற்கும் தொடர்பேயில்லை என்று நெடுநாள் எண்ணியிருந்த கணினி வலையமைப்புக் கலையிலேயாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர்க்கு ரௌட்டரோடும் சுவிட்சோடும் யாது வேலை என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அன்னார் இக்கட்டுரையை முற்றும் படித்தபின் நகைப்பாராக.

நீலகிரியில் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எம் பெரியம்மா கொழுந்து பறிக்கின்றார். அவர்தம் மகனார் எமக்குத் தமையன் முறையினர். பாலிடெக்னிக் படிப்பை முடித்துக் குன்னூரில் வீடுகட்கும் தங்கும் விடுதிகட்கும் இணையக் கம்பி இழுத்துத் தரும் வேலையில் அமர்ந்தவர். கம்பி இழுப்பதோடு நில்லாமல், அக்கம்பியின் இருபுறத்தும் நிகழ்வது யாதென அறியவேண்டும் என்னும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. அதன் பயனாக 2022 ஆம் ஆண்டில் சி.சி.என்.பி. என்னும் உயர்தர வலையமைப்புப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினார். அவர் முதன்முறை தோற்றதும், மறுமுறை வென்றதும், இடையே யாம் அவர்க்குக் கேட்போராய் அமர்ந்து கற்றதுமே இக்கட்டுரையின் பொருள்.

பரீட்சையின் இயல்பு

ரௌட்டர் முதலிய கருவிகளைச் செய்யும் சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் 1984 இல் தோன்றியது. தன் கருவிகளைக் கையாள வல்லாரைத் தெரிந்தெடுக்க அது பல படிகளாகப் பரீட்சைகளை வகுத்துள்ளது. தொடக்கப் படிகளுள் ஒன்று சி.சி.என்.ஏ.; அதற்கு மேற்பட்டது சி.சி.என்.பி.; உச்சியில் நிற்பது 1993 இல் தொடங்கிய சி.சி.ஐ.இ. இவ்வுச்சிப் பரீட்சையில் எட்டு மணி நேரம் கருவிகளோடு அமர்ந்து வலையமைப்பை உருவாக்கியும் பழுது நீக்கியும் காட்டுதல் வேண்டும். வென்றோர்க்கு வரிசை எண் வழங்குவர். அவ்வரிசையின் முதல் எண்ணாகிய 1024 ஆளுக்கன்றி அப்பரீட்சைக் கூடத்திற்கே இடப்பெற்றது என்பர்.

நடுப்படியாகிய சி.சி.என்.பி. 2020 பிப்ரவரி 24 முதல் புதுமுறையில் அமைந்தது. அம்முறையின்படி முதலில் 120 நிமிடத்து அடிப்படைப் பரீட்சை ஒன்று. பின்னர் மாணாக்கர் தாமே தெரிந்துகொள்ளும் 90 நிமிடத்துச் சிறப்புப் பரீட்சை ஒன்று. அடிப்படைப் பரீட்சையின் பாடத்திட்டத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு, பொதியைச் சுமந்து செல்லும் சுவிட்சும் ரௌட்டரும் இயங்கும் முறைக்கே ஒதுக்கப்பட்டது. ஒரு வினாவிற்கு விடையிறுத்து அடுத்ததற்குச் சென்றபின் மீண்டு வந்து திருத்த இயலாது. கட்டணம் 400 அமெரிக்க டாலர். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தோட்டத்தில் நாட்கூலி பெறும் ஒரு குடும்பத்திற்கு இத்தொகை எத்தன்மையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரியம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முழுவதும் இதற்கே சென்றது.

முதல் தோல்வி

தமையனார் ஓராண்டு உழைத்தார். தடித்த ஆங்கில நூலொன்றை வரிவரியாகப் பாடஞ் செய்தார். கேட்ட வினாவிற்கு நூலில் உள்ளவாறே விடை சொல்லும் ஆற்றலும் பெற்றார். 2023 இல் மலையிறங்கிக் கோயம்புத்தூர் சென்று பரீட்சை எழுதித் தோற்றார்.

தோற்றோர்க்கும் பகுதிவாரியாக மதிப்பெண் குறித்த தாள் தருவர். அதில் மிகத் தாழ்ந்திருந்தது அவர் நன்கு பாடஞ் செய்திருந்த பகுதியே. அன்றிரவு அவர் எம்மிடம் கூறியது இது: "தம்பி, எல்லா வரியும் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வரி சேர்ந்து ஒரு வினாவாக வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை."

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த எமக்கு அப்போது ஒரு யோசனை தோன்றிற்று. நம் தமிழ் வகுப்பில் ஒரு செய்யுளுக்கு உரை சொல்லாமல் மனப்பாடமாக ஒப்பித்தால் ஆசிரியர் அதனை ஏற்பதில்லை. பொருளை நம் சொல்லிற் கூறச் சொல்லுவார். அம்முறையை இங்கும் கைக்கொண்டால் என்ன? தமையனார் நாள்தோறும் ஒரு பாடத்தை எமக்குத் தமிழில் விளக்க வேண்டும். யாம் விளங்கவில்லை என்றால் அவர் மீண்டும் நூலுக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு ஒப்பந்தம் செய்துகொண்டோம். விடுமுறை முடிந்தபின்னும் தொலைபேசி வாயிலாக இது தொடர்ந்தது. அவ்வாறு யாம் கேட்ட பாடங்களுள் மூன்றனை ஈண்டுச் சுருக்கித் தருகின்றோம்.

முதற்பாடம்: முகவரி

தோட்டத்துத் தொழிலாளிக்கு வரும் கடிதத்தில் தோட்டத்தின் பெயரும், அதன் பிரிவும், லைன் எண்ணும், வீட்டு எண்ணும் இருக்கும். அஞ்சற்காரர் கோயம்புத்தூரிலேயே வீட்டு எண்ணைப் பாரார். முதலில் ஊரையும் பின்னர் தோட்டத்தையுமே நோக்குவர். ஐ.பி. முகவரியும் அத்தகையதே. அதில் முற்பகுதி தெருவைக் குறிக்கும். பிற்பகுதி வீட்டைக் குறிக்கும். முற்பகுதி எங்கே முடிகின்றது என்று காட்டும் எல்லைக் குறிக்கு மாஸ்க் என்று பெயர்.

192.168.10 எனத் தொடங்கும் ஒரு தொகுதி நம்மிடம் உள்ளதாகக் கொள்வோம். இறுதி எண் 0 முதல் 255 வரை ஆகலின் மொத்தம் 256 முகவரிகள். ஒரு தோட்டத்தின் அலுவலகம், தொழிற்சாலை, மருந்தகம், பள்ளி ஆகிய நான்கிற்கும் இதனைப் பகிர்ந்தளிப்போம். 256 ஐ நான்கால் வகுக்க ஒவ்வொன்றிற்கும் 64. அலுவலகத்திற்கு 0 முதல் 63. தொழிற்சாலைக்கு 64 முதல் 127. மருந்தகத்திற்கு 128 முதல் 191. பள்ளிக்கு 192 முதல் 255. ஒவ்வொரு பகுதியிலும் முதல் எண் அப்பகுதியின் பெயராகவும், கடைசி எண் அப்பகுதியார் அனைவரையும் ஒருங்கே அழைக்கும் எண்ணாகவும் நிற்பதால், கருவிகட்கு இடத்தக்கவை 62 மட்டுமே. இப்பகிர்வின் மாஸ்க் 255.255.255.192 ஆகும்.

இனி ஒரு வினா. 192.168.10.130 என்னும் கருவி எங்குள்ளது? 130 என்பது 128 க்கும் 191 க்கும் இடைப்பட்டது; ஆகவே மருந்தகத்தில் உள்ளது. இவ்வளவே கணக்கு. நூலில் இதற்குப் பன்னிரண்டு பக்கம் உண்டு. அப்பன்னிரண்டு பக்கத்தையும் ஒப்பிக்க வல்ல தமையனார் இதனை எமக்கு விளங்கச் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அவருக்குத் தாளும் எழுதுகோலும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாடம்: வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. ஒன்று பர்லியாறு, குன்னூர் வழியாகச் செல்வது. மற்றொன்று கோத்தகிரி வழியாகச் செல்வது. குன்னூரையும் கோத்தகிரியையும் இணைக்கும் சாலையும் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு பாதை அடைபட்டால் வண்டிகளை மறு பாதையில் விடுவர். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மண்சரிவால் உயிர்கள் பல மாண்டதையும், பாதைகள் துண்டிக்கப்பட்டதையும் மலைவாழ்வோர் மறந்திலர்.

ஒரு வண்டியோட்டி வழியை எவ்வாறு அறிவான்? சோதனைச் சாவடியில் நிற்போரை வினவலாம். அவர் தம்மிடம் வந்தோர் சொன்னதைச் சொல்லுவார். செய்தி வாய்மாறி வருவதால் காலந் தாழ்ந்தும் திரிந்தும் வரும். ஆர்.ஐ.பி. என்னும் பழைய வழியறி முறை ஏறத்தாழ இத்தகையது. அதனினும் சிறந்தது, மலைப்பாதை முழுவதன் படமும் ஒவ்வொரு வண்டியோட்டி கையிலும் இருப்பதும், எங்கேனும் பாதை அடைபட்ட அளவில் அச்செய்தி எல்லாப் படத்திலும் உடனே ஏறுவதுமாம். ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறை இதனையே செய்கின்றது. ஒவ்வொரு ரௌட்டரும் தன்னோடு இணைந்த பாதைகளையும் அவற்றின் விலைகளையும் தன் வட்டாரத்திலுள்ள ஏனைய ரௌட்டர்கட்கெல்லாம் அறிவிக்கும். அனைத்தும் ஒரே படத்தைப் பெறும். பின்னர் ஒவ்வொன்றும் தானே குறைந்த விலையுள்ள வழியைக் கணக்கிடும். அக்கணக்கு முறையை வகுத்தவர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு நாட்டு அறிஞர்; அதனை அவர் வெளியிட்டது 1959 இல்.

பாடத்தின் பொருட்டுச் சில விலைகளை இடுவோம். இவை உண்மைத் தொலைவல்ல. மேட்டுப்பாளையம் – குன்னூர் 10; குன்னூர் – உதகை 6; மேட்டுப்பாளையம் – கோத்தகிரி 10; கோத்தகிரி – உதகை 9; குன்னூர் – கோத்தகிரி 7. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குக் குன்னூர் வழி 16. கோத்தகிரி வழி 19. ஆதலின் பொதிகள் குன்னூர் வழியே செல்லும். இனி பர்லியாற்றில் மண் சரிந்தது என்க. இப்போது உதகைக்கு வழி கோத்தகிரியே, விலை 19. குன்னூருக்குச் செல்வது எவ்வாறு? கோத்தகிரி சென்று திரும்பினால் 10 உம் 7 உம் கூட 17. உதகை சென்று இறங்கினால் 19 உம் 6 உம் கூட 25. ஆகவே 17 விலையுள்ள வழியே கொள்ளப்படும்.

பாதை அடைபட்டதை ரௌட்டர் எவ்வாறு உணரும்? அடுத்துள்ள இரண்டு ரௌட்டர்கள் வழக்கமாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று வணக்கம் கூறிக்கொள்ளும். நாற்பது விநாடி வரை வணக்கம் வாராதாயின் அண்டையார் இலர் என்று முடிவு செய்யும். கம்பி அறுந்தது தெரிந்தால் அதற்கும் காத்திராது.

மூன்றாம் பாடம்: நம்பிக்கை

மேற்கூறியது ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் நிகழ்வது. உலகிலுள்ள பல்லாயிரம் வலையமைப்புகள் தம்முள் வழி சொல்லிக்கொள்ளும் முறைக்குப் பி.ஜி.பி. என்று பெயர். இதில் ஒருவர் "இம்முகவரிகட்கு என் வழியே வருக" என்று அறிவித்தால் அடுத்தவர் பெரும்பாலும் அதனை நம்புவர்.

2008 பிப்ரவரி 24 ஆம் நாள் பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் தன் நாட்டினுள் யூடியூபைத் தடுக்க எண்ணி, அதன் முகவரிகளுள் ஒரு சிறு பகுதியைத் தனதென அறிவித்தது. அவ்வறிவிப்பு எல்லை கடந்து வெளியுலகிற்கும் சென்றுவிட்டது. முதற்பாடத்தில் கண்ட மாஸ்க் ஈண்டு நினைக்கத்தக்கது. ஊரின் பெயர் மட்டும் சொல்வோர் ஒருவர், தெருவின் பெயரும் சொல்வோர் மற்றொருவர் எனின், ரௌட்டர் தெருவைச் சொன்னவரையே பின்பற்றும். யூடியூப் பெரிய தொகுதியை அறிவித்திருக்க, பாகிஸ்தான் டெலிகாம் அதனுள் அடங்கிய குறுகிய பகுதியை அறிவித்ததால், உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குச் சென்ற பொதிகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இந்நிலை நீடித்தது.

2021 அக்டோபர் 4 ஆம் நாள் மற்றொன்று நிகழ்ந்தது. பேஸ்புக் நிறுவனத்தார் பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு கட்டளை, அவர்தம் நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. அதனைத் தொடர்ந்து, அவர்தம் பெயர்களுக்கு முகவரி சொல்லும் கணினிகட்குச் செல்லும் வழிகளின் பி.ஜி.பி. அறிவிப்புகளும் விலக்கப்பட்டன. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. கருவிகள் பழுதாகவில்லை, அவற்றிற்குச் செல்லும் வழியே மறைந்தது. ஒரு கட்டளையின் பொருளை உணர்ந்து இடுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழுது தேடும் பயிற்சி

விளக்கம் கேட்பதோடு எம் பணி முடியவில்லை. கணினியினுள்ளேயே ரௌட்டர்களை அமைத்துப் பழக ஜி.என்.எஸ்.3 என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரும் அத்தகையதே. தமையனார் அதில் நான்கைந்து ரௌட்டர்களைக் கொண்ட வலையமைப்பொன்றை அமைப்பார். அவர் தேநீர் அருந்தச் சென்ற நேரத்தில் யாம் அதில் ஏதேனும் ஓர் எண்ணை மாற்றிக் கெடுப்போம். அவர் வந்து தேடுவார். கெடுப்பதற்கு அறிவு அதிகம் வேண்டுவதில்லை ஆகலின் இப்பணி எமக்கு எளிதாயிருந்தது.

ஒருநாள் ஒரு ரௌட்டரில் 255.255.255.192 என்று இருந்த மாஸ்கை 255.255.255.128 என்று மாற்றினோம். அண்டை ரௌட்டரை அழைத்தால் விடை வருகின்றது, ஆயினும் ஓ.எஸ்.பி.எஃப். உறவு மட்டும் கூடவில்லை. தமையனார் கம்பியைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், வட்டார எண்ணைப் பார்த்தார், வணக்கக் கால அளவைப் பார்த்தார். ஒன்றேகால் மணி நேரம் சென்றபின் மாஸ்கைக் கண்டார்.

கண்டவுடன் அவர் மகிழவில்லை, நெடுநேரம் பேசாதிருந்தார். "உறவு கூடுவதற்கு வேண்டியவற்றின் பட்டியலை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அதில் மாஸ்கும் உண்டு. ஏன் உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை" என்றார். பின்னர் நூலைப் புரட்டிக் காரணம் கண்டார். வணக்கச் செய்தியினுள்ளே மாஸ்கும் எழுதப்பட்டுள்ளது. பலர் கூடும் பொதுக் கம்பியில் தன் மாஸ்கோடு ஒவ்வாத வணக்கத்தை ரௌட்டர் ஏற்பதில்லை. அன்றுமுதல் ஒரு குறிப்பேட்டில் கண்ட பழுதையும் அதன் காரணத்தையும் தமிழில் எழுதி வரலானார். பரீட்சைக்கு முன் அதில் இருநூற்றுக்கு மேற்பட்ட பழுதுகள் இருந்தன.

தேடும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் எனக் கண்டோம். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அதிகாரமாக அமைந்துள்ளது. எழுத்துப் பிழைத்தால் சொல் பிழைக்கும். சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும். வலையமைப்பையும் ஏழு அடுக்குகளாகப் பகுத்துள்ளனர். அடியில் கம்பி; அதன்மேல் அண்டைக் கருவிகளின் இணைப்பு; அதன்மேல் முகவரியும் வழியும்; மேலே நாம் காணும் செயலிகள். கீழ் அடுக்குச் செவ்விதாயுள்ளது என்று உறுதி செய்யாமல் மேல் அடுக்கிற் பழுது தேடுதல், எழுத்தறியாமல் பொருள்கோள் ஆராய்வதை ஒக்கும்.

ஒரு சோதனை

முதல் தோல்விக்குப் பின் சில நாட்களில் ஒருவர் தமையனாரை அணுகினார். பரீட்சையில் வரும் வினாக்கள் விடையோடு தம்மிடம் உள்ளன என்றும், சிறு தொகை தந்தால் போதும் என்றும் கூறினார். தோற்றோர் ஐந்து நாள் கழித்தே மீண்டும் எழுதலாம் என்பது விதி. அவ்வைந்து நாளே இதற்குப் போதும் என்றும் சொன்னார். பலரும் இவ்வாறே தேறியுள்ளனர் என்பதும் அவர் சொன்ன காரணம்.

தமையனார் உடனே மறுத்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டு இரவு அவர் உறங்கவில்லை. சீட்டுப் பணம் போயிற்று. தாயார் முகத்தை நோக்க இயலவில்லை. வழியோ எளிதாக எதிரே நிற்கின்றது. எம்மையும் வினவினார். யாமும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். பரீட்சைக்கு அமர்வோர் வினாக்களை வெளியிடேன் என உறுதி கூறுகின்றனர். களவு வெளிப்பட்டால் பெற்ற சான்றிதழும் பறிபோகும். எனினும் அவ்வச்சம் அவரைத் தடுத்ததன்று. மூன்றாம் நாள் அவர் கூறியதாவது: "நான் சான்றிதழ் காட்டினால் ஒருவர் தம் மருத்துவமனையின் வலையமைப்பை என்னிடம் ஒப்படைப்பார். அங்கே பழுது நேரும்போது என்ன செய்வேன்?" இவ்வளவே. அவர் மறுத்துவிட்டார். மறுபடி பணம் சேர ஓராண்டு சென்றது. அவ்வோராண்டே மேற்கூறிய பயிற்சியெல்லாம் நிகழ்ந்த காலம்.

தேர்ச்சியும் பயனும்

2024 இல் அவர் அடிப்படைப் பரீட்சையில் தேறினார். சில திங்கள் கழித்துச் சிறப்புப் பரீட்சையிலும் தேறினார். எத்தகைய வினாக்கள் வந்தன என்று யாம் கேட்டிலம், அவரும் கூறிலர். இச்சான்றிதழ் மூன்றாண்டுக்கே செல்லும். பின்னர் புதுப்பித்தல் வேண்டும். இக்கலையில் ஒருமுறை கற்று அமைதல் இல்லை என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

தேறிய சில நாட்களில் மலையில் ஒரு சிறு மருத்துவமனையில் கணினிகள் எல்லாம் ஒருங்கே நின்றுவிட்டன என்று அவரை அழைத்தனர். மழை நாள் ஆகலின் வெளியே கம்பி அறுந்திருக்கும் என்று அங்குள்ளார் கருதினர். யாமும் உடன் சென்றோம். அவர் கீழ் அடுக்கிலிருந்து தேடலானார். மேசையடியில் இருந்த மலிவான சுவிட்சின் விளக்குகள் அனைத்தும் ஓயாது மின்னின. ஒரே கம்பியின் இரு முனைகளையும் யாரோ அச்சுவிட்சிலேயே செருகியிருந்தனர். அனைவரையும் அழைக்கும் செய்தி அதனுள் புகுந்து வட்டமிட்டுப் பெருகி, மற்றெதற்கும் இடமின்றிச் செய்துவிட்டது. இத்தகைய வட்டத்தைத் தடுக்கும் முறையை 1985 இல் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். அம்மலிவான சுவிட்சில் அவ்வசதி இல்லை. தமையனார் ஒரு முனையைப் பிடுங்கினார். பத்து நிமிடத்தில் நோயாளிகட்குச் சீட்டு எழுதும் வேலை மீண்டும் தொடங்கிற்று. நிகழ்ந்தது யாதென அங்கிருந்த செவிலியர்க்கு அவர் தமிழில் விளக்கினார், அவர்கட்கும் விளங்கிற்று.

முடிவுரை

இதனால் யாம் அறிந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, கற்ற பாடத்தை அக்கலை அறியாத ஒருவர்க்கு அவர் மொழியில் விளக்கிப் பார்த்தல் வேண்டும். விளக்க இயலாத இடமே நாம் கல்லாத இடம். இரண்டாவது, ஆக்கும் பயிற்சியோடு பழுது தேடும் பயிற்சியும் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு விதிக்கும் காரணம் வினவுதல் வேண்டும். நான்காவது, களவாடிய விடை பரீட்சைக் கூடத்து வாயில் வரையே துணை வரும்.

பட்டியலில் ஒரு சொல் ஏன் நிற்கின்றது என்று வினவாமல் ஒப்பித்தல் கணினி மாணாக்கர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. இலக்கண விதியைக் காரணம் அறியாது ஒப்பித்து மதிப்பெண் பெற்ற நாட்கள் எமக்கும் உண்டு. தமையனார்க்குக் கேட்போராய் அமர்ந்தபின் அவ்வாறு செய்ய எமக்கு நாணம் உண்டாயிற்று. நம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்கும் நண்பர்கள் தம் பாடங்களைத் தமிழ் வகுப்பு மாணாக்கர்க்கு வாரம் ஒருமுறையேனும் விளக்கிக் காட்டுவாராயின், சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் நன்மையே விளையும். கேட்க யாம் ஆயத்தமாயுள்ளோம்.